இரண்டாவது ரிவ்யூவர் கேட்ட கேள்வி

அந்த நாயை முதன்முதலில் என் கிளினிக்குக் கொண்டுவந்தபோது அதன் விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தோலுக்கு மேலேயே தெரிந்தன. ஜோகுபாளையத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் அதை ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு வந்திருந்தார்கள். கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். மனைவிக்கு ஒரு ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. தெருவில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வளர்த்திருக்கிறார்கள். செம்மண் நிற நாட்டு நாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடங்கியே கிடக்கும்.

"சாப்புடுறான் மேடம், நல்லாத்தான் சாப்புடுறான். கொஞ்ச நேரத்துல அப்படியே வெளிய வந்துடுது. வாந்தி மாதிரியும் இல்ல. சும்மா குனியறான், கொட்டிடுது" என்றார் மனைவி.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. வாந்தி என்றால் வயிறு எக்கும், உடம்பு முழுக்க வேலை செய்யும். இவனுக்கு அது எதுவுமில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, குழாயாக இருக்க வேண்டிய உணவுக்குழாய் தொளதொளவென்று பையாக விரிந்திருந்தது. சாப்பிட்டதெல்லாம் வயிற்றுக்குப் போகாமல் அந்தப் பையிலேயே தங்கி, குனிந்ததும் திரும்பி வந்துகொண்டிருந்தது. நடக்கவிட்டுப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்கால்கள் துவண்டு உட்கார்ந்துவிட்டான். ஓய்வெடுத்ததும் எழுந்து நடந்தான், மறுபடி உட்கார்ந்தான். குரைக்க வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

நரம்பு சொல்வது தசைக்குக் கேட்காமல் போகும் நோய் ஒன்று உண்டு. மனிதர்களுக்கும் வரும், நாய்களுக்கும் வரும். அதுவாக இருக்குமோ என்று ஓர் ஊசி போட்டுப் பார்த்தேன். சில நிமிடங்களில் அவன் எழுந்து நின்று, கிளினிக்கின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடந்து, வாசலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். மனைவி அழுதுவிட்டார். ஊசியின் வேகம் சீக்கிரமே இறங்கிவிடும் என்று அப்போது சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இறங்கத் தொடங்கிய பிறகுதான் சொன்னேன்.

மாத்திரை தினமும் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, நிமிர்ந்து உட்கார்ந்தபடிதான் அவன் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்க வேண்டும். தசை செய்யாத வேலையைப் பூமியின் ஈர்ப்பு செய்யும். இல்லாவிட்டால் திரும்பி வரும் சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும். இந்த நோயில் நாய்களைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். வெளிநாடுகளில் இதற்கென்றே மரத்தில் நாற்காலி செய்கிறார்கள். போனில் ஒரு படத்தைக் காட்டினேன். கணவர் படத்தைப் பெரிதாக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

அடுத்த முறை வந்தபோது ஆட்டோவில் நாயோடு ஒரு நீல நிற பிளாஸ்டிக் ட்ரம்மும் வந்தது. முன்பக்கத்தை வளைவாக அறுத்து, விளிம்பு கிழிக்காமல் இருக்க ட்யூப் சுற்றி, உள்ளே பழைய தலையணையை வைத்துத் தைத்திருந்தார். வெளியே அங்கங்கே மிச்சப் பெயின்ட் தீற்றல்கள். நாய் அதற்குள் மனிதன் மாதிரி உட்கார்ந்து முன்கால்களை விளிம்பில் போட்டுக்கொண்டது. மனைவி சாதத்தைக் கூழாகக் கரைத்து ஸ்பூனில் ஊட்டிக் காட்டினார். "எங்க சந்துல எல்லாரும் வந்து நின்னு பாக்குறாங்க மேடம். சாருக்கு ஒரே கூச்சம்" என்றார். சார் என்றது நாயை.

சில வாரங்களில் எலும்புகள் சதைக்குள் மறைந்தன. இதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

நான் அல்சூரில் ஒற்றை அறைக் கிளினிக் வைத்திருப்பவள். படித்தது தமிழ்நாட்டில், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். பட்டமேற்படிப்போடு ஆராய்ச்சிக் கட்டுரை என்பதை மறந்தே போயிருந்தேன். என்னோடு படித்த தோழி ஒருத்தி ஊரின் மறுகோடியில் கால்நடை மருத்துவம் கற்பிக்கிறாள். அவளிடம் நாயின் கதையைச் சொன்னதும், "இதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டு மறந்துடாதடி. ஜர்னலுக்கு அனுப்பு. எவனோ ஒரு டாக்டர் எங்கயோ ஒரு ஊர்ல இதே மாதிரி நாயை வெச்சுக்கிட்டு முழிச்சிட்டு இருப்பான்" என்றாள்.

எழுதுவதுகூடக் கஷ்டமாக இல்லை. அனுப்புவதுதான் கஷ்டம். பத்திரிகையின் இணையதளத்தில் கட்டுரையை ஏற்ற வேண்டும். எக்ஸ்ரே படம் அவர்கள் சொல்லும் அளவில் இல்லாவிட்டால் ஏற்காது. என் பெயரும் கிளினிக் பெயரும் தனிக் கோப்பில் போக வேண்டும். கட்டுரையைப் படித்து மதிப்பிடுபவர்களுக்கு எழுதியது யார் என்று தெரியக்கூடாது. படித்தவர் யார் என்று எனக்கும் சொல்ல மாட்டார்கள். முதலில் எடிட்டர் பார்ப்பார். பாதிக்கு மேல் அந்த வாசலிலேயே திரும்பிவிடும் என்று தோழி பயமுறுத்தியிருந்தாள். வாசலைத் தாண்டினால் அந்த நோயைப் பற்றித் தெரிந்த இரண்டு பேரை எடிட்டர் தேடிப் பிடித்து அனுப்புவார். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்கள் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கிப் படிக்க வேண்டும். அதனால் முடியாது என்று சொல்பவர்கள்தான் அதிகம். ஒப்புக்கொள்ளும் ஆள் கிடைக்கும்வரை கட்டுரை சும்மா கிடக்கும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போக வெயிட்டிங் லிஸ்டில் டிக்கெட் போட்டுவிட்டுப் பார்ப்பதுபோல நான் அந்தத் தளத்தைத் திறந்து திறந்து பார்ப்பேன். 'எடிட்டரிடம் உள்ளது' என்றே பல வாரம் இருந்தது. ஒருநாள் 'மதிப்பாய்வில் உள்ளது' என்று மாறியபோது கிளினிக்கில் இருந்த பூனைக்காரரிடம் காரணம் சொல்லாமல் சிரித்தேன்.

இதற்கிடையே நாயின் குடும்பம் வருவது நின்றுபோயிருந்தது. ஒரு முறை போன் செய்தேன், சுவிட்ச் ஆஃப். நன்றாக இருந்தால் யார் டாக்டரைத் தேடி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேலையும் அதிகம். விட்டுவிட்டேன்.

முடிவு ஒரு மத்தியான வேளையில் வந்தது. லாப்ரடார் குட்டி ஒன்றுக்குத் தடுப்பூசி போட்டு அனுப்பிவிட்டு மெயிலைத் திறந்தேன். மேஜர் ரிவிஷன். கட்டுரையை இப்படியே ஏற்க முடியாது, பெரிய அளவில் திருத்தி அனுப்பினால் பரிசீலிப்போம் என்று எடிட்டர் எழுதியிருந்தார். கீழே இரண்டு பேரின் கருத்துகள். முதலாமவர் ரொம்ப நல்ல மனிதர். பயனுள்ள கட்டுரை, வீட்டிலிருக்கும் பொருளில் நாற்காலி செய்தது பாராட்டுக்குரியது, சில எழுத்துப்பிழைகளைச் சரிசெய்யவும் என்று முடித்துவிட்டார்.

இரண்டாமவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

நோயை உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை ஏன் செய்யப்படவில்லை? ஊசிக்குக் கிடைத்த பலனை மட்டும் வைத்து 'உறுதியானது' என்று எப்படி எழுதலாம்? நாயின் எடை எந்த முறையில் அளக்கப்பட்டது? சிகிச்சைக்குப் பிறகு மறுபடி எக்ஸ்ரே எடுத்தீர்களா? நடை சரியாகிவிட்டது என்பது உணவுக்குழாய் சரியாகிவிட்டது என்பதற்குச் சான்றாகுமா? ஒவ்வொன்றும் சரியான கேள்வி. அதனாலேயே ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தது. கடைசியில் இப்படி இருந்தது: "சில வாரங்களோடு இந்தக் கட்டுரை முடிந்துவிடுகிறது. இந்நோயில் பல விலங்குகள் அதற்குப் பிறகுதான் நிமோனியாவால் இறக்கின்றன. இந்த விலங்கின் தற்போதைய நிலை என்ன? அதைக் கூறாதவரை தலைப்பில் 'வெற்றிகரமான' என்ற சொல்லை ஏற்பதற்கில்லை."

தோழிக்குப் போன் செய்தேன். "மேஜர் ரிவிஷன் வந்திருக்குடி."

"சூப்பர்! பார்ட்டி எப்போ?"

"பார்ட்டியா? நான் இங்க அழாத குறையா உக்காந்திருக்கேன்."

"லூசு. வேணாம்னு சொல்றதா இருந்தா ரெண்டு லைன்ல முடிச்சிருப்பாங்க. ஒரு ஆள் ரெண்டு பக்கம் எழுதியிருக்காருன்னா உன் கட்டுரையை உக்காந்து வரி வரியா படிச்சிருக்காருன்னு அர்த்தம். என்னோட மொதல் பேப்பருக்கு வந்ததைப் படிச்சிட்டு நான் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல."

அவளேதான் வழியும் சொன்னாள். அவர் எழுதிய ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்துப் போட்டு, அதன் கீழே என் பதிலை எழுத வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது. நன்றி சொல்லித் தொடங்க வேண்டும். செய்ய முடிந்ததைச் செய்ய வேண்டும், முடியாததை முடியாது என்று காரணத்தோடு எழுத வேண்டும். "சண்டை மட்டும் போடாத. அவரு சொல்றது தப்புன்னு நெனச்சா அதையும் மரியாதையா எழுது. எடிட்டர் ரெண்டு பக்கமும் பாப்பாரு."

"கடைசிக் கேள்விக்கு என்ன எழுதறது? நாய் இப்போ எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாது."

"தொடர்ந்து கண்காணிக்க இயலவில்லைன்னு ஒரு வரி போடு. எல்லாரும் போடறதுதான். தப்பில்ல."

அவள் சொன்னது நியாயம்தான். அப்படிப்பட்ட வரியை எத்தனையோ கட்டுரைகளில் நானே படித்துக் கடந்து போயிருக்கிறேன். அன்று சாயங்காலம் அதை டைப் செய்தும் பார்த்தேன். ஒரே வரி. ஆனால் அதைத் திரும்பப் படித்தபோது, ட்ரம்முக்குள் உட்கார்ந்து ஸ்பூனுக்கு வாயைத் திறந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அவனை எனக்குத் தெரியும். கட்டுரையில் அவனுக்குப் பெயர் கிடையாது, இனமும் வயதும் எடையும்தான் உண்டு. இருந்தாலும் எங்கோ முகம் தெரியாத ஒருவர் அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்கிறார். கேட்டிருக்க வேண்டியவள் நான். அந்த வரியை அழித்துவிட்டு மறுநாள் காலை கிளினிக் திறப்பதற்கு முன் ஜோகுபாளையம் போனேன்.

அவர்கள் கொடுத்திருந்த முகவரியில் வீடு இல்லை. நீலத் தகரம் அடித்து, உள்ளே புதிதாகத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அம்மாவிடம் விசாரித்தேன்.

"அவங்களா? ஓனர் இடிச்சுக் கட்டப் போறேன்னுட்டாரு. காலி பண்ணிப் போயி ரொம்ப நாளாச்சு. பொம்மனஹள்ளி சைடுல எங்கயோ வீடு புடிச்சிருக்காங்க."

"நாயையும் கூட்டிட்டுப் போனாங்களா?"

"தெரியாதும்மா. அவங்க டெம்போ ஏத்தின அன்னிக்கு நான் வேலூர்ல கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அதுக்கு முன்னாடியும் மழைன்னு அதை வெளிய விடறதே இல்ல, நான் பாக்கல."

அப்போதுதான் வண்டிக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். நீல ட்ரம். முன்பக்கம் வளைவாக அறுத்தது, அங்கங்கே பெயின்ட் தீற்றல். உள்ளே தலையணை இருந்த இடத்தில் இஸ்திரிக்கு வந்த துணி மூட்டைகள் திணிக்கப்பட்டிருந்தன.

"இது..."

"அந்தப் பொண்ணு குடுத்துச்சு. 'இனிமே எங்களுக்கு வேணாக்கா, நீ வெச்சுக்கோ'ன்னுச்சு. நல்ல ட்ரம்மு, தூக்கிப் போட மனசில்ல."

இனிமே வேணாம். எனக்கு அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தோன்றியது. வண்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கரிப்பெட்டியின் சூடு முழங்கையில் அடித்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே போனை எடுத்து அந்தக் கணவரின் நம்பரைத் தேடிக் கொடுத்தார்.

கிளினிக்குக்குத் திரும்பி வந்து கூப்பிட்டேன். பின்னால் பெரிய இயந்திரச் சத்தம். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் பெயின்டிங் பிரிவில் சேர்ந்துவிட்டதாகக் கத்திச் சொன்னார். "ஷிஃப்ட்ல இருக்கேன் மேடம், ஒண்ணும் கேக்கல. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, ரெண்டு பேரும் இருப்போம். லொகேஷன் அனுப்பறேன்." அவ்வளவுதான். நான் நாயைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் கேட்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கேட்கப் பயமாக இருந்தது. பிறகு மெசேஜிலாவது கேட்டிருக்கலாம், அதையும் செய்யவில்லை.

அதுவரை மற்ற கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். அந்த ரத்தப் பரிசோதனையை நம் ஊரில் எந்த ஆய்வகமும் செய்யவில்லை, வெளிநாட்டுக்கு அனுப்ப வழியும் கிடைக்கவில்லை என்று எழுதி, 'உறுதியான' என்பதை 'அனுமானிக்கப்பட்ட' என்று மாற்றினேன். மாற்றிய பிறகு படித்தால் கட்டுரை முன்பைவிட நேர்மையாக இருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று முதல்முறையாக மனசார ஒப்புக்கொண்டேன். எடைக்கான பதிலை எழுதும்போது சிரிப்பு வந்தது. கணவர் நாயைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுவார், பிறகு அவர் மட்டும் ஏறுவார், நான் கழித்துக்கொள்வேன். அதையும் அப்படியே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர் ரோடு பஸ்ஸில் போகும்போது, துக்க வீட்டில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உங்களால் முடிந்ததைவிட அதிகமாகவே செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும். கட்டுரையைப் பற்றிப் பேசவே கூடாது. பொம்மனஹள்ளியில் இறங்கி, போன் காட்டிய வழியில் சந்துக்குள் சந்தாக நடந்து, மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றின் இரும்புக் கேட்டைத் திறந்தேன்.

மேலேயிருந்து ஒரு நாய் குரைத்தது.

நல்ல கனமான குரல். எனக்குத் தெரியாத குரல். இந்தக் கட்டிடத்தில் வேறு யாரோ நாய் வளர்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். படிக்கட்டில் நகங்கள் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. திருப்பத்தில் ஒரு நிமிர்ந்த காதும் ஒரு மடங்கிய காதும் தெரிந்தன. அவன் என்னைப் பார்த்ததும் நான்கு காலையும் ஊன்றி நின்று, ஊசி போட்டவளை எந்த நாயும் மறக்காது என்பதுபோல, சந்து அதிரக் குரைத்தான். அவன் குரைத்து நான் அதுவரை கேட்டதே இல்லை.

"டேய், யாருடா? கத்தாத! அய்யோ, மேடம் நீங்களா? அவர் சொன்னாரு, சாயங்காலம்தான் வருவீங்கன்னு நெனச்சேன்." மனைவி கையில் மாவோடு படியில் நின்றார்.

நான் அங்கேயே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சு மேடம்? தலை சுத்துதா? தண்ணி கொண்டு வரவா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் இருங்க" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாய் இரண்டு படி இறங்கி வந்து என் கைப்பையை மோந்து பார்த்துவிட்டு, ஊசி இல்லை என்று தெரிந்துகொண்டதோ என்னவோ, குரைப்பதை நிறுத்தியது.

மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும். கணவர் குளித்துவிட்டு அப்போதுதான் வந்தார். நடந்ததை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். வீடு மாற்றும் சமயத்தில் மனைவியின் போன் பஸ்ஸில் தொலைந்துபோயிருக்கிறது. என் நம்பர் அதில்தான் இருந்திருக்கிறது. புது வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரை கொடுத்தால் நாய்க்கு எச்சில் ஒழுக ஆரம்பித்திருக்கிறது, வயிற்றாலும் போயிருக்கிறது.

"ரொம்ப பேஜாராயிடுச்சு மேடம். அல்சூருக்கு ஆட்டோவுல கூட்டிட்டு வர இங்கேர்ந்து முடியல. இங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டுனோம். உங்க சீட்டைப் பாத்துட்டு, 'இதுக்கு ஒடம்பு தேறிடுச்சு, அதான் மருந்து ஜாஸ்தியாத் தெரியுது'ன்னு கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சாரு. அப்புறம் நிறுத்திட்டாரு."

சரியாகச் செய்திருக்கிறார். இந்த நோய் சில நாய்களில் தானாகவே விலகிவிடும். விலகியதும் அதுவரை சரியாக இருந்த அதே அளவு மருந்து அதிகமாகிவிடும்.

"ட்ரம்மை ஏன் குடுத்துட்டீங்க?" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"அவனே அதுல உக்கார மாட்டேன்னுட்டான் மேடம். தூக்கி வெச்சா குதிச்சு ஓடறான். அப்புறம் படிக்கட்டுல மேல்படியில தட்டை வெச்சு, முன்கால் ரெண்டையும் மேல வெச்சு நிக்க வெச்சு குடுத்தோம். எதுவும் வெளிய வரல. இப்ப கீழயே வெச்சிடறோம்."

சொல்லிக்கொண்டே தட்டில் சாதமும் கோழித் துண்டும் போட்டுத் தரையில் வைத்தார். அவன் தலையைத் தாழ்த்தி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்று, தட்டைச் சுவர்வரை தள்ளிக்கொண்டே போய் நக்கினான். நான் டீ குடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ முடிந்தது. அவன் வாசலில் போய்க் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டான். எதுவும் திரும்பி வரவில்லை.

மறுபடி ஓர் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், செலவு என்னுடையது என்றேன். கணவர் முகம் மாறியது. "திரும்பவும் ஏதாச்சும் இருக்கா மேடம்?"

"இல்ல இல்ல. இவனைப் பத்தி நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கேன், மத்த டாக்டர்ங்க படிக்கறதுக்கு. அதைச் சரி பாக்கற ஒருத்தர், உள்ளயும் சரியாயிடுச்சான்னு கேக்கறாரு. இவன் இப்ப எப்படி இருக்கான்னும் கேட்டிருக்காரு."

"யாரு அவரு?"

"எனக்கே தெரியாது. யாருன்னு சொல்ல மாட்டாங்க. நான் யாருன்னு அவருக்கும் தெரியாது. தெரிஞ்சா முகத்துக்காக நல்லாயிருக்குன்னு எழுதிடுவாங்க இல்ல, அதுக்குத்தான்."

கணவர் யோசித்தார். "தெரியாத மனுஷனுக்கு நம்ம நாயைப் பத்தி என்ன வந்துச்சு?"

"ஏன், கேட்டா என்ன?" என்றார் மனைவி. "பாதியில விட்டா அப்புறம் என்னாச்சுன்னு யாரா இருந்தாலும் கேக்கத்தானே செய்வாங்க. நல்ல மனுஷன்தான். எடுத்துடலாம் மேடம்."

அந்த வாரமே ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். வெள்ளைக் கரைசலைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிட்டு, அது இறங்கும் வழியைப் படம் பிடிக்க வேண்டும். சரியாக விழுங்காத நாய்க்கு இது ஆபத்தான காரியம் என்பதால் ஒவ்வொரு ஸ்பூனாக நானே ஊட்டினேன். அவன் விழுங்கினான். திரையில் படம் வந்தபோது, பழைய எக்ஸ்ரேயில் பை தொங்கிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று நேராக வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. டெக்னீஷியன், "நார்மல்தானே மேடம், எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டார். அந்த வாரத்தில் நான் கேட்ட மிக நல்ல சொல் அந்த நார்மல்.

இரண்டு எக்ஸ்ரேக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். மருந்தைக் குறைத்து நிறுத்தியது வேறொரு மருத்துவர் என்பதையும் சேர்த்து எழுதினேன். தலைப்பிலிருந்து 'வெற்றிகரமான' என்பதை எடுத்துவிட்டேன். இனி அந்தச் சொல் தேவைப்படவில்லை. கடைசிக் கேள்விக்கான பதில்தான் எல்லாவற்றிலும் சின்னது: நாய் நலமாக உள்ளது, மருந்து இல்லை, தரையில் வைத்த தட்டிலிருந்து சாப்பிடுகிறது.

மறுபடி காத்திருப்பு. இந்த முறை தளத்தைத் திறந்து திறந்து பார்க்கவில்லை. எது வந்தாலும் சரி என்றிருந்தது. திருத்திய கட்டுரை அதே இரண்டு பேரிடமும் போயிருக்கிறது. முதலாமவர் மறுபடியும் பாராட்டினார். இரண்டாமவர், ஓரிடத்தில் 'நாய்' என்றும் இன்னோரிடத்தில் 'நோயாளி' என்றும் வருகிறது, ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளவும் என்றார். அதன் கீழே தனியாக இரண்டு வரி. "ஆசிரியர் அனைத்துக் கேள்விகளுக்கும் முழுமையாகப் பதிலளித்துள்ளார். கடைசிப் பதிலைத்தான் நான் முதலில் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்."

அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். எந்த ஊரில், எந்த மேஜையில் உட்கார்ந்து அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்? ஒருவேளை அவர் கையிலும் இதே நோயோடு வந்த நாய் ஒன்று இறந்துபோயிருக்கலாம். கேட்க வழியில்லை. முகம் தெரியாத மதிப்பாய்வாளர்களுக்கு நன்றி என்று எல்லாக் கட்டுரைகளின் கடைசியிலும் சம்பிரதாயமாக ஒரு வரி வரும். என் கட்டுரையில் அந்த வரியைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. 'நோயாளி'யை எல்லா இடத்திலும் 'நாய்' என்று மாற்றி அனுப்பினேன். ஏற்கப்பட்டது.

தோழியிடம் சொன்னபோது, "இப்ப பாரு, உன் பேரு அவங்க லிஸ்ட்ல ஏறிடுச்சு. அடுத்தவங்க பேப்பரை இனிமே உனக்கு அனுப்புவாங்க. காசு வராது, வேலை மட்டும் வரும்" என்றாள். அது அப்படியே நடந்தது. வந்ததும் ஒப்புக்கொண்டேன்.

கட்டுரை வெளியானதும் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"மேடம், பாத்தோம். இங்கிலீஷ்ல இருக்கு, எங்களுக்கு ஒண்ணும் புரியல. அவனோட போட்டோ எங்க?"

"இருக்கே, ரெண்டு படம் இருக்கு பாருங்க."

"அது எலும்புதானே மேடம் தெரியுது? மூஞ்சி இல்லையே!"

"மூஞ்சி போட மாட்டாங்க. நான் வேணா நல்லதா ஒண்ணு எடுத்துத் தரேன்."

பின்னால் கணவர், அக்கம்பக்கத்தில் காட்ட முகம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஏதோ சொல்வது கேட்டது. ரேபிஸ் தடுப்பூசிக்கு நாள் தாண்டிவிட்டது, அவனை எப்போது அழைத்து வருகிறீர்கள் என்று கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் லீவு, பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், எப்படியாவது ஆட்டோ பிடித்துக் காலையிலேயே வந்துவிடுகிறோம் என்றார்கள். வந்தார்கள். ஊசி போட்டேன். அவனைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறக் கணவருக்கு இந்த முறை மூச்சு வாங்கியது. கொஞ்சம் எடை குறைக்க வேண்டும், சாதத்தைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.